குடும்பத்தைப் படிக்கப் பட்டம் எதற்கு என்று சிரிப்பவர்களுக்கு





சென்ற ஷவ்வால் மாதத்தில் ஒரு நாள், உக்கடம் பகுதிப் பள்ளிவாசல் ஒன்றில் அஸர் தொழுகை முடித்து வெளித்திண்ணையில் அமர்ந்திருந்தோம். பெரிய கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு சகோதரர் கையில் ஒரு விண்ணப்பப் படிவத்துடன் வந்தார். அவருடைய மகள் நம்மிடம் மக்தபில் ஓதியவள். இப்போது உளவியலில் இளங்கலை முடித்திருக்கிறாள். மனித மேம்பாடு என்னும் துறையில் முதுகலை படிக்க விரும்புகிறாள். குழந்தை கருவில் உருவாவது முதல் முதுமை வரை மனிதன் வளரும் விதத்தையும், அவனை வளர்க்கும் குடும்பத்தின் இயல்பையும் ஆராயும் படிப்பு அது. "என்ன செய்யட்டுங்க ஹஜ்ரத்?" என்று அவர் கேட்டார்.

நாம் பதில் சொல்வதற்கு முன்பே பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர், "ஏனுங்க பாய், குடும்பம் நடத்தறதுக்கும் பட்டம் வாங்கோணுமாங்க? நம்ம உம்மாமாரெல்லாம் எந்தக் காலேஜுக்குப் போனாங்க?" என்றார். திண்ணையிலிருந்த அனைவரும் சிரித்தனர். மறைக்காமல் சொல்கிறோம்: நாமும் புன்னகைத்தோம். அந்தத் தந்தை படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். அந்தப் புன்னகைக்காகத்தான் இந்தக் கட்டுரை. முதலில் நம்மை நோக்கியும், பிறகு அன்று சிரித்தவர்களை நோக்கியும் இதை எழுதுகிறோம்.

நாம் அடித்த பிள்ளை

புன்னகைக்கும் தகுதி நமக்கு இல்லை என்பதற்கு நம் வகுப்பறையே சாட்சி. சில ஆண்டுகளுக்கு முன்பு ஹிஃப்ளு வகுப்பில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். முன்வரிசையில் அமர்ந்தால் ஓதுவான். பின்வரிசையில் அமர்ந்தால் ஓதமாட்டான். பெயர் சொல்லி அழைத்தால் சில நேரம் திரும்புவான். சில நேரம் திரும்பமாட்டான். ஸாதையும் ஸீனையும் குழப்புவான். கவனமில்லாதவன், பிடிவாதக்காரன், வேண்டுமென்றே செய்கிறான் என்று நாம் முடிவு கட்டினோம். கண்டித்தோம். பிரம்பும் எடுத்தோம். அவனுடைய அத்தாவை அழைத்து, வீட்டில் செல்லம் அதிகம் என்று குறையும் சொன்னோம்.

நம்மிடம் முன்பு ஓதிய மாணவி ஒருத்தி அப்போது குழந்தை வளர்ச்சி குறித்த படிப்பில் இருந்தாள். தம்பியை அழைத்துப் போக வந்தவள் வாசலில் கால் மணி நேரம் நின்றாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "ஹஜ்ரத், அந்தப் பையன் உங்க முகத்தைப் பார்க்கலீங்க. உங்க உதட்டைப் பார்க்கறானுங்க." அவ்வளவுதான். அரசு மருத்துவமனையில் பரிசோதித்தபோது இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு என்று தெரிந்தது. செவிக்கருவி பொருத்திய பிறகு பின்வரிசையிலிருந்தும் ஓதினான்.

இருபது ஆண்டுகளாகக் கற்பிக்கும் நாம் காணாததை, இரண்டு ஆண்டு படித்த பெண் கால் மணி நேரத்தில் கண்டாள். அவளுக்கு நம்மைவிட அன்பு அதிகம் என்று சொல்லமாட்டோம். எதைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. நமக்குக் கற்பிக்கப்படவில்லை. அந்தப் பிள்ளையின் முதுகில் விழுந்த ஒவ்வோர் அடிக்கும் மறுமையில் நாம் பதில் சொல்ல வேண்டும். 'குடும்பத்தைப் படிக்கப் பட்டம் எதற்கு?' என்று கேட்பவர்களுக்கு நம்முடைய முதல் பதில் இதுதான்.

இது எங்கிருந்தோ வந்த படிப்பு அன்று

இந்தப் படிப்பை நேற்று முளைத்த நாகரிகம் என்று சிலர் நினைக்கின்றனர். அது நம் ஊரிலேயே வேரூன்றி இரண்டு தலைமுறைகளுக்கு மேலாகிறது. சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராக இருந்த தி. சு. அவிநாசிலிங்கம் 1957இல் கோவையில் பெண்களுக்கென மனையியல் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். 1988இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. அதை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர் இராஜம்மாள் தேவதாஸ். அமெரிக்காவில் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஊட்டச்சத்து பயின்று முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய அந்த அம்மையாருக்கு 1992இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. மனையியல் என்றதும் சமையலும் தையலும் என்று எண்ணிவிட்டோம். உண்மையில் அதன் ஐந்து கிளைகளில் ஒன்றாக இருந்தது குழந்தை வளர்ச்சி. அதுவே விரிந்து இன்று மனித மேம்பாடு என்னும் பெயரைப் பெற்றிருக்கிறது.

நாட்டின் பிற பகுதிகளிலும் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. தில்லியில் லேடி இர்வின் கல்லூரி 1932இல் தோன்றியது. பரோடாவில் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகம் 1949இல் நிறுவப்பட்டபோது அதன் முதல் துணைவேந்தர் ஹன்சா மேத்தா. உலக மனித உரிமைப் பிரகடனத்தில் ஆண்களை மட்டும் குறித்த சொல்லை மாற்றி மனிதர் அனைவரையும் குறிக்கச் செய்தவர் அவர். அங்கே 'மனித மேம்பாடு மற்றும் குடும்ப இயல்' என்ற பெயரிலேயே ஒரு துறை இயங்குகிறது. துறையோடு சேர்ந்து ஒரு மழலையர் பள்ளியும் நடக்கிறது. மாணவர்கள் நூலில் படித்ததை மறுநாளே குழந்தைகளிடம் நேரில் காண்கின்றனர்.

அத்தகைய கல்விக்கூடம் ஒன்று உக்கடத்திலிருந்து நகரப் பேருந்தில் போய்வரும் தொலைவில் இருக்கிறது. பொள்ளாச்சியிலிருந்தும் மேட்டுப்பாளையத்திலிருந்தும் திருப்பூரிலிருந்தும் நாள்தோறும் வந்து படிக்க முடிகிற தொலைவு அது. தண்ணீர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தாகத்தால் தவிக்கும் நிலை நம்முடையது.

"உம்மாமார் படித்தார்களா?"

இனி, சொல்லப்படும் மறுப்புகளுக்கு வருவோம். நம் பாட்டிமார் எந்தப் பட்டமும் பெறாமல் எட்டுப் பிள்ளைகளை வளர்த்தார்கள் என்பது முதல் மறுப்பு.

உண்மைதான். ஆனால் அவர்கள் தனியாக வளர்க்கவில்லை. மாமியார், நாத்தனார், பெரியம்மா, அடுத்த வீட்டு ஆச்சி என்று ஒரு தெருவே சேர்ந்து வளர்த்தது. பேச்சு வராத பிள்ளையை மூன்று கிழவிகள் பார்த்து மூன்று விதமாகக் கருத்துச் சொன்னார்கள். இன்று நம் நிலை என்ன? குறிச்சியிலோ கரும்புக்கடையிலோ இரண்டு அறை வாடகை வீடு. கணவர் காலையில் திருப்பூருக்குப் போய் இரவு பத்து மணிக்குத் திரும்புகிறார்; அல்லது வளைகுடாவில் இருக்கிறார். இருபத்து மூன்று வயதுத் தாய், கையில் ஒரு குழந்தையும் ஒரு கைப்பேசியுமாகத் தனியே இருக்கிறாள். பிள்ளை அழுதால் கைப்பேசியைக் கொடுக்கிறாள். மூன்று வயதாகியும் பிள்ளை பேசவில்லையென்றால் யாரிடம் கேட்பாள்? தகடு எழுதிக் கட்டுகிறவரிடம் போகிறாள். இரண்டு ஆண்டுகள் வீணாகின்றன. மூளை மிக விரைவாக வளரும் ஆண்டுகள் அவை, திரும்பி வாரா.

பாட்டியின் அறிவு பயனற்றது என்று யாரும் சொல்லவில்லை. பாட்டி இருந்த தெருவை நாம் கலைத்துவிட்டோம். அந்தத் தெருவின் அறிவை யாரேனும் சேர்த்து, சோதித்து, சரியானதை வைத்துக்கொண்டு, தவறானதைக் களைந்து, அடுத்த தலைமுறைக்குச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முஹல்லாவிலும் அத்தகைய ஒரு பெண் இருக்க வேண்டும் என்பதே நம் வாதம்.

மேலும், பட்டமின்றிச் செய்துவந்த எத்தனையோ வேலைகளுக்கு இன்று பட்டம் கேட்கிறோம். பிரசவமும் ஒரு காலத்தில் மருத்துவச்சியின் கையில்தான் இருந்தது. இன்று நம் மகளுக்குப் பிரசவ வலி கண்டால் மருத்துவச்சியைத் தேடுகிறோமா, மகப்பேறு மருத்துவரைத் தேடுகிறோமா? பிள்ளை பிறப்பதற்குப் படித்தவர் வேண்டும். பிறந்த பிள்ளை வளர்வதற்கு வேண்டாம் என்பது என்ன நியாயம்?

"மேற்கத்தியச் சரக்கு, ஈமானுக்கு ஆபத்து"

இரண்டாவது மறுப்பு நம் உலமாக்களிடமிருந்து வருவது. ஃபிராய்டு, பியாஜே, எரிக்சன் என்று மேற்கத்தியப் பெயர்களே நிறைந்த பாடம் இது. நம் பிள்ளைகளின் நம்பிக்கையைக் குலைத்துவிடும் என்கின்றனர்.

இந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாடமாட்டோம். மனிதனைப் பற்றிய எந்தக் கோட்பாட்டிலும் மனிதன் யார் என்ற முன்முடிவு ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் குழந்தை எந்தெந்த வயதில் எதை எதை உணர்கிறது என்று கவனிப்பது மேற்கு நமக்குக் கற்றுத்தந்த வழக்கம் என்று நினைப்பதுதான் பெரிய அறியாமை. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில் குழந்தைப் பயிற்சிக்குத் தனியே ஒரு பகுதி ஒதுக்கினார். பாடம் முடித்துக் களைத்த பிள்ளையை விளையாட விட வேண்டும், இல்லையேல் அதன் உள்ளம் மடிந்துபோகும் என்று அதில் எச்சரித்தார். 1350இல் மறைந்த இப்னுல் கய்யிம் (ரஹ்) பிறந்த குழந்தையின் சட்டங்களைப் பற்றித் 'துஹ்ஃபத்துல் மவ்தூத்' என்று ஒரு தனி நூலே எழுதினார். கருவின் நிலைகள், பால்குடி, பல் முளைத்தல், நடை, பேச்சு என்று குழந்தையின் பருவங்களை அதில் விரித்துரைத்தார். இந்நூல்கள் நம் மதரஸா நூலகத்தின் மேல்தட்டில் இருக்கின்றன. எத்தனை பேர் தூசு தட்டியிருக்கிறோம்?

நபி (ஸல்) அவர்களின் வாழ்வைப் பாருங்கள். தொழுகையை நீட்ட எண்ணி நின்றவர்கள், பின்னால் ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டால் அதன் தாய் படும் தவிப்பை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக்கொண்டார்கள். பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தபடியே தொழுவித்தார்கள்; ஸுஜூதின்போது இறக்கி வைத்து, எழும்போது மீண்டும் தூக்கிக்கொண்டார்கள். நம் பள்ளிவாசல்களிலோ ஒரு குழந்தை இருமினாலும் நான்கு பேர் திரும்பி முறைக்கின்றனர். குழந்தையைப் பற்றிய பாடம் நமக்குத் தேவையில்லையா?

மேற்கத்தியக் கோட்பாடுகளை அப்படியே ஏற்கச் சொல்லும் படிப்பும் அன்று இது. அமெரிக்காவிலேயே யூரி பிரான்ஃபென்பிரென்னர் 1979இல் வெளியிட்ட நூலில், குழந்தையை ஆய்வுக்கூடத்தில் தனித்து வைத்து அறிய முடியாது என்று வாதிட்டார். வீடு, தெரு, பள்ளி, பெற்றோரின் தொழில், நாட்டின் சட்டம் என ஒன்றை ஒன்று சூழ்ந்த வட்டங்களின் நடுவே வைத்துத்தான் அறிய முடியும் என்றார். பரோடாவின் பேராசிரியர் டி. எஸ். சரஸ்வதி போன்றோர் இந்தியக் குடும்பத்தை இந்தியக் கண்ணால் பார்த்து எழுதினர். தமிழ் முஸ்லிம் குடும்பத்தை அதன் உள்ளிருந்து பார்த்து எழுத ஆள் எங்கே? ராவுத்தர் வீட்டின் உறவுமுறை, உருது பேசும் வீட்டின் வழக்கம், மலையாளம் பேசும் வீட்டின் மரபு ஆகிய மூன்றும் ஒரே தெருவில் வாழும் ஊர் கோவை. நாம் எழுதாவிட்டால் நம்மை அறியாதவர் நம்மைப் பற்றி எழுதுவர். அவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு நாம் மேடையேறிக் கோபப்படுவோம். இத்தனை ஆண்டுகளாக நாம் செய்துவருவது இதைத்தான்.

ஜமாஅத் அலுவலகத்தின் நாற்காலிகள்

மூன்றாவதாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இது முத்தவல்லிகளுக்கும் நிர்வாகிகளுக்கும் கசக்கும்.

கணவன் மனைவிக்கிடையே பிளவு அஞ்சப்படும்போது இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை நியமிக்குமாறு திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 35ஆம் வசனம் பணிக்கிறது. நம் ஜமாஅத்துகள் அதை எப்படி நிறைவேற்றுகின்றன? வியாழக்கிழமை இரவு இஷாவுக்குப் பின் நீண்ட மேசைக்கு அப்பால் ஏழு ஆண்கள் அமர்கின்றனர். இப்பால் ஒரு பெண், முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவளுடைய துயரத்தில் பாதி ஆண்கள் முன் சொல்லக்கூடியது அன்று. சொல்லாத பாதியை நாம் கேட்பதும் இல்லை. அரை மணி நேரத்தில், "பொறுத்துப் போம்மா" என்றோ "எழுதி வாங்கிக்கோ" என்றோ முடிந்துவிடுகிறது. அத்தகைய அமர்வுகளில் நாமும் அமர்ந்திருக்கிறோம் என்பதால்தான் சொல்கிறோம்.

நபி (ஸல்) அவர்கள் பரீரா (ரலி) அவர்களிடம் பிரிந்த கணவரோடு மீண்டும் சேர்ந்து வாழக் கூடாதா என்று பேசியதை நாம் மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம். இது கட்டளையா என்று அந்தப் பெண்மணி வினவினார். இல்லை, பரிந்துரைக்கிறேன், அவ்வளவே என்றார்கள் அல்லாஹ்வின் தூதர். அப்படியானால் அவர் எனக்குத் தேவையில்லை என்று பரீரா மறுத்தார். அந்த மறுப்பு மதிக்கப்பட்டது. பரிந்துரைக்கும் கட்டளைக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்து, கேட்பவரின் முடிவை அவரிடமே விட்டுவிடுவதைத்தான் இன்று குடும்ப ஆலோசனை என்ற பெயரில் கற்பிக்கின்றனர். நம் மேசைகளில் அந்த ஸுன்னத் எங்கே போயிற்று?

நாட்டின் சட்டமும் நமக்கு ஒரு செய்தி சொல்லியிருக்கிறது. ஷரீஅத் கவுன்சில் ஒன்று வழங்கிய குலாச் சான்றிதழை 2023 தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. குலா கோரும் பெண் குடும்ப நீதிமன்றத்தை அணுகலாம், தனியார் அமைப்புகள் மணமுறிவுக்குச் சான்று தர இயலாது என்றது. தீர்ப்பைப் பற்றி உலமாக்களிடையே பல கருத்துகள் உண்டு. ஆனால் ஒன்று தெளிவு: முத்திரையிட்டு எழுதித் தருவதல்ல ஜமாஅத்தின் பணி. பிளவு முற்றும் முன்பே இருவரையும் அமர்த்திப் பேசி, ஸுல்ஹு எட்ட உதவுவதே நமக்கு எஞ்சியுள்ள பணி. உண்மையில் அதுவே நமக்கு முதலில் தரப்பட்ட பணி. 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டமும் முதலில் சமரசத்துக்கு முயலச் சொல்கிறது. ஆலோசகர்களை நியமிக்கவும் இடமளிக்கிறது. அந்த நாற்காலிகளில் நம் மார்க்கமும் நம் வீட்டு வழக்கமும் அறிந்த எத்தனை பெண்கள் இருக்கின்றனர்?

இன்னொன்றும் உண்டு. 1997 நவம்பரிலும் 1998 பிப்ரவரியிலும் இந்நகரம் பட்டதை இங்கே விரிக்க வேண்டியதில்லை. நமக்கு அப்போது இருபது வயதுகூட நிரம்பவில்லை. எல்லாச் சமயத்து வீடுகளிலும் பிள்ளைகள் தந்தையை இழந்தனர். பாதிக்கப்பட்ட வீடுகளுக்கு அரிசி கொடுத்தோம், துணி கொடுத்தோம். இரவில் அலறி எழும் பிள்ளையிடம் என்ன பேசுவது என்று நம் பகுதியில் யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பிள்ளைகள்தாம் இன்று நம் மாணவர்களின் பெற்றோர். அவர்களின் அச்சம் அவர்களுடைய பிள்ளைகளிடம் இறங்கியிருப்பதை வகுப்பறையில் பார்க்கிறோம். பெயர் சொல்லத் தெரியாமல் பார்க்கிறோம்.

கஸ்ஸாலியின் குற்றச்சாட்டு

சமுதாயத்தில் சிலரேனும் செய்தாக வேண்டிய, ஒருவரும் செய்யாவிட்டால் அனைவரும் குற்றவாளியாகும் கடமையை ஃபர்ளு கிஃபாயா என்கிறோம். ஜனாஸாத் தொழுகைக்கு மட்டுமே நினைவுகூரும் சொல்லாக அதை ஆக்கிவிட்டோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) மருத்துவத்தையும் கணக்கையும் அதில் சேர்த்தார். தம் காலத்து மாணவர்கள் புகழும் பதவியும் தரும் சட்டத் தர்க்கத்தில் முண்டியடிக்கின்றனர், முஸ்லிம் மருத்துவர் ஒருவர்கூட இல்லாத ஊர்கள் இருப்பதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை என்று சாடினார்.

அந்தச் சாட்டையடி இன்று நம் முதுகில் விழுகிறது. மதிப்பெண் இருந்தால் மருத்துவம், குறைந்தால் பொறியியல், இரண்டும் இல்லையேல் வணிகவியல் என்று ஒரே வாசலில் முண்டியடிக்கிறோம். மனநலம், குழந்தை வளர்ச்சி, சிறப்புக் கல்வி, குடும்ப ஆலோசனை ஆகிய வாசல்கள் திறந்தே கிடக்கின்றன. 'மாப்பிள்ளை கிடைக்காது' என்று சொல்லிப் பெண்ணை இளங்கலையோடு நிறுத்துகிறோம். மாப்பிள்ளையைவிட அதிகம் படித்துவிடக் கூடாது என்பது எந்த ஹதீஸில் உள்ளது? மாப்பிள்ளை படிக்கவில்லை என்றால் மாப்பிள்ளையைப் படிக்க வைக்க வேண்டும். அதற்காகப் பெண்ணின் கல்வியை வெட்டிச் சமப்படுத்துவது எந்த அளவுகோல்?

விண்ணப்பிக்கும் முன் கேட்க வேண்டியவை

உணர்ச்சியால் மட்டும் முடிவெடுக்கச் சொன்னால் நாமும் பொறுப்பற்றவர்களாவோம். ஆகவே பெற்றோரும் மாணவியரும் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறோம்.

முதலாவதாக, எதற்காகப் படிக்கிறோம் என்று தெளிவு வேண்டும். மனித மேம்பாடு, உளவியல், சமூகப்பணி, சிறப்புக் கல்வி நான்கும் அண்டை வீடுகள். ஒரே வீடு அன்று. நோய்க்கூறு உளவியலராகவோ சிறப்பு ஆசிரியராகவோ பணியாற்ற இந்திய மறுவாழ்வுக் கழகம் ஏற்ற தகுதியும் பதிவும் வேண்டும். மனித மேம்பாட்டு முதுகலை மட்டும் அதற்குப் போதாது. பட்டம் வாங்கிய பிறகு இதை அறிந்து அழுவதைவிட முன்பே அறிவது நலம். குழந்தைகள் மையம், பெற்றோர் கல்வி, குழந்தைப் பாதுகாப்பு, குடும்ப நலத் திட்டங்கள், ஆய்வு ஆகியவையே நாட்டமென்றால் இது பொருத்தமான வாசல்.

இரண்டாவதாக, பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். நூற்பாடம் எவ்வளவு, களப்பயிற்சி எவ்வளவு? பயிற்சி எங்கே? மழலையர் பள்ளி இணைந்துள்ளதா? மருத்துவமனை, அங்கன்வாடி, முதியோர் இல்லம் ஆகிய இடங்களுக்கு அனுப்புகிறார்களா? ஆய்வேடு எழுத வேண்டுமா, வழிகாட்டும் பேராசிரியர் யார்? குழந்தையைத் தொடாமலே குழந்தை வளர்ச்சியில் பட்டம் தரும் இடம் நமக்கு வேண்டாம்.

மூன்றாவதாக, பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரத்தைச் சரிபாருங்கள். பேராசிரியராக விரும்புவோருக்கான தேசியத் தகுதித் தேர்வில் இத்துறை மனையியல் பாடத்தின் கீழ் வருகிறது. ஆகவே உணவியலும் இல்ல மேலாண்மையும் ஓரளவு அறிந்திருக்க வேண்டும்.

நான்காவதாக, பணம். அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் தமிழகத்தின் 3.5 விழுக்காடு முஸ்லிம் உள்ஒதுக்கீடு உண்டு. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் விதி வேறாக இருக்கலாம், அங்கேயே கேட்டுத் தெளிய வேண்டும். ஆய்வு மாணவர்களுக்கு உதவிய மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை 2022இல் நிறுத்தப்பட்டதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

ஐந்தாவதாக, வேலை. ஒன்றைப் பெரிதாக்கிச் சொல்லமாட்டோம்: தொடக்கச் சம்பளம் மென்பொருள் நிறுவனச் சம்பளம் போலிராது. ஆனால் வாய்ப்பே இல்லை என்பது பொய். 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகளுக்கான 1098 உதவி எண், பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், பள்ளி ஆலோசகர் பணி, மழலையர் பள்ளிகள், தொண்டு நிறுவனங்கள் என்று இடங்கள் உண்டு. பணிக்குப் பணி தகுதி மாறும். அறிவிப்பைப் படித்துப் பார்க்க வேண்டும்.

ஆறாவதாக, ஆண் பிள்ளைகளின் தந்தையர் இது பெண்கள் படிப்பு என்று ஒதுங்க வேண்டாம். பிள்ளை வளர்ப்பு பெண்ணுக்கு மட்டும் விதிக்கப்பட்டதாயின் லுக்மான் (அலை) தம் மகனுக்குச் சொன்ன அறிவுரைகளை அல்லாஹ் ஓர் அத்தியாயத்தில் நிலைநிறுத்தியிருப்பானா? நம் நகரில் பாரதியார் பல்கலைக்கழகத்திலும் பிற கலைக் கல்லூரிகளிலும் உளவியலும் சமூகப்பணியும் இருபாலரும் படிக்க முடியும். வீட்டைவிட்டு வெளியூர் செல்லத் துணிவோருக்குப் பரோடா இருக்கிறது.

நாம் செய்யப் போவது

பிறருக்குச் சொல்லிவிட்டு நாம் சும்மா இருப்பது தகாது. நம் மதரஸாவில் பிரம்பை அகற்றிவிட்டோம். புதிதாகச் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கண்ணும் காதும் பரிசோதித்த பிறகே சேர்க்கை என்று முடிவெடுத்திருக்கிறோம். களப்பயிற்சிக்கு வரும் மாணவியருக்கு நம் மக்தபின் கதவு திறந்திருக்கும். எந்தச் சமயத்தவராயினும் சரி.

ஜமாஅத்துகளிடம் நாம் கேட்பது மூன்று. ஆண்டுதோறும் ஒரு மாணவியின் முதுகலைக் கட்டணத்தைப் பைத்துல்மாலிலிருந்து ஏற்றுக்கொள்ளுங்கள். ஏழையாயின் ஸகாத்துக்கும் அவள் உரியவளே. பள்ளிவாசல் வளாகத்தில் பெண்கள் தனியே வந்து பேச ஓர் அறை ஒதுக்குங்கள். அங்கே படித்த ஒரு பெண் அமரட்டும். நிகாஹ் பதிவேட்டில் கையெழுத்திடும் முன் மணமக்கள் இருவருக்கும் ஓரிரு அமர்வுகளேனும் பேசுங்கள். மஹரைப் பற்றியும் மண்டபத்தைப் பற்றியும் ஆறு மாதம் பேசுகிறோம். வாழப்போகும் இருவரிடம் ஆறு நிமிடம் பேசுவதில்லை. இரண்டாம் அத்தியாயம் 233ஆம் வசனம், பால்குடியை நிறுத்துவதைக்கூடத் தாயும் தந்தையும் மனமொத்துக் கலந்து முடிவு செய்யும் காரியமாக்குகிறது. கலந்து பேசுவதற்குக் கற்றுத்தர வேண்டியவர்கள் நாமில்லையா?

அந்தத் தந்தையின் கடைக்கு மறுநாளே சென்றோம். புன்னகைத்ததற்கு மன்னிப்புக் கேட்டோம். அவர் பதறிப்போய், "அப்படியெல்லாம் சொல்லாதீங்க ஹஜ்ரத்" என்றார். மடித்த படிவம் கல்லாப்பெட்டியில் இருந்தது. விண்ணப்பிக்கக் கடைசி நாளுக்கு இன்னும் ஒரு வாரம் மீதமிருந்தது. பிள்ளையை அழைத்துக் கேட்டோம். அவள் என்ன படிக்கப் போகிறாள், ஏன் படிக்கப் போகிறாள் என்று நம்மைவிடத் தெளிவாகச் சொன்னாள். இப்போது முதலாம் ஆண்டில் இருக்கிறாள். அன்று திண்ணையில் சிரித்த பெரியவரின் பேரனுக்கு இரண்டரை வயதாகியும் பேச்சு வரவில்லையாம். சென்ற வாரம் அவர் நம்மிடம் தனியே வந்து, "அந்தப் புள்ளகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றீங்களா ஹஜ்ரத்?" என்றார். கேட்டுச் சொன்னோம். முதலில் காதைப் பரிசோதிக்க வேண்டும் என்று அவள் சொன்னாள்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளை நமக்குக் கண்குளிர்ச்சியாக்குவானாக. அவர்களை அறிந்து வளர்க்கும் அறிவை நமக்குத் தருவானாக. அறியாமையால் நாம் அவர்களுக்குச் செய்த தீங்குகளை மன்னிப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.